யாருடைய சார்பில்

நான் மொழிபெயர்ப்பாளர். எழுத்தில் அல்ல, பேச்சில். கூட்டம் நடக்கும் மண்டபத்தின் பின்பக்கத்தில் ஒரு சிறிய கண்ணாடி அறை வைத்திருப்பார்கள். அதற்குள் காதில் ஹெட்போனும் முன்னால் மைக்குமாக உட்கார்ந்து, மேடையில் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பேசப்படுவதைக் கூடவே தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. பேசுகிறவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று விலகி நிற்கக் கூடாது. அப்படி நான் அமைச்சராக, மதகுருவாக, வெளிநாட்டுத் தூதுவராக, நீர்வழங்கல் பொறியியலாளராக எல்லாம் பேசியிருக்கிறேன். மாலையில் கண்டி மஹய்யாவையில் வாடகைக்கு இருக்கும் மேல்மாடி அறைக்குத் திரும்பினால் பேச யாரும் இல்லை. கீழ்வீட்டு முஸ்லிம் அம்மா படியில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பார். ஆம் என்பேன். சில நாட்களில் என் சொந்த வார்த்தையாக வாயிலிருந்து வெளியே வருவது அது ஒன்றுதான்.

நான் பிறந்தது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லயத்தில். அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அண்ணன் கொழும்பில் குடும்பத்தோடு இருக்கிறான். நாங்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பிராவில் வேறு குடும்பம் இருக்கிறது. அங்கே போனால் யாரைத் தேடி வந்தீங்க என்று கேட்பார்கள் என்பதால் போவதில்லை. பல்கலைக்கழக விடுதியில் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி இருந்தாள். ஒருநாள் அவள் அன்பாகத்தான், “உம்மைப் பாத்தாத் தோட்டக்காட்டு ஆள் எண்டே தெரியாது” என்றாள். அதற்கு நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று தெரியாமல் சிரித்து வைத்தேன். அதற்குப் பிறகு நான் எங்கே பிறந்தேன் என்பதை யாரும் கேட்டால் ஒழிய நானாகச் சொல்வதில்லை. என் தொழிலில் யாரும் கேட்பதுமில்லை.

நான் சொல்ல வந்த கூட்டம் கண்டி வாவிக்கு மேலே ஒரு ஹோட்டலில் நடந்தது. தலைப்பு மலையகப் பெண்களும் பால்நிலையும், அதாவது ஜெண்டர். பன்வில பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சில பெண்களை வேனில் அழைத்து வந்து, கழுத்தில் பெயர் அட்டை மாட்டி, கடைசி இரண்டு வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். காலையில் ஹெட்போனை எப்படி மாட்டுவது என்று அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தது நான்தான். எல்லோரும் என்னை மிஸ் என்று கூப்பிட்டார்கள்.

முக்கியப் பேச்சாளர் ஒரு விரிவுரையாளர். அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு போனவர்கள். அவர் அங்கேயே பிறந்து, படித்து, அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறார். நன்றாகப் பேசினார், மனதார. ஆங்கிலத்தில் ‘ஒரு தமிழ்ப் பெண்ணாக, கறுத்த தோலுள்ள ஒரு பெண்ணாக நான் இங்கே நிற்கிறேன்’ என்று ஆரம்பித்தார். நானும் கண்ணாடிக்குள்ளிருந்து ‘நான் இங்கே நிற்கிறேன்’ என்றேன். ரேஸ் என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் ‘இனம்’ என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு வேறு சொல் இல்லை. ஆனால் அவர் வளர்ந்த ஊரில் அந்தச் சொல் தோலின் நிறத்தைக் குறிக்கிறது. எங்கள் ஊரில் இனம் என்றால் சிங்களமா, தமிழா, முஸ்லிமா என்ற கேள்வி. அவருடைய பெற்றோரின் ஊருக்கும் என் லயத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தைச் சொல்ல அந்த இரண்டு அர்த்தத்திலுமே இடமில்லை. அவரோ இடைவெளியே இல்லாதது போல ‘நாங்கள்’ என்றார். நானும் ‘நாங்கள்’ என்றேன்.

பிறகு அவர் தன் ஆய்வைப் பற்றிச் சொன்னார். வேலைத்தலத்தில் ஆண்கள் செய்யும் பாலியல் தொல்லையைத் தோட்டத்துப் பெண்களால் பேச முடியவில்லை, ஏனென்றால் அதற்கு அவர்களிடம் ஒரு சொல்லே இல்லை என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். “இந்தப் பெண்களிடம் இதற்கு ஒரு சொல்லே இல்லை.” என் குரலில், என் வாயால், அந்தப் பெண்களின் காதுக்குள். கடைசி வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஒருவர் மெதுவாகத் திரும்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

எங்கள் அம்மா கொழுந்து பறித்தவர். கொழுந்து நிறுக்கிற இடத்தில் யார் பக்கத்தில் நிற்கலாம், யார் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதை நான் பள்ளிக்கூடம் போக முன்னமே எனக்குச் சொல்லியிருந்தார். ‘அவன் கை சும்மா இருக்காது’ என்பார். தராசடியில் பாத்து நில்லு என்றால் எந்தப் பெண்ணுக்கும் புரியும். சொற்களுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. கை வைக்கிறவனேதான் நாள் முடிவில் முழுப் பேர் போடுவதா அரைப் பேர் போடுவதா, அதாவது முழுச் சம்பளமா அரைச் சம்பளமா என்று முடிவு செய்கிறவன். சொல்ல வேண்டிய இடத்தில் அவன்தான் நின்றான்.

கேள்வி நேரம் வந்தபோது என்னோடு கண்ணாடி அறையில் இருந்த சிங்களச் சகாவிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் என்னைவிட மூத்தவர், தங்கை என்ற அர்த்தத்தில் என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார். என்ன நங்கி, தலை சுற்றுகிறதா என்று கேட்டார். நான் நேரே போய்க் கையை உயர்த்தினேன்.

கூட்டத்தை நடத்தியவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்கள அம்மையார். என்னைப் பார்த்ததும் ஹெட்போன்களில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். இல்லை, எனக்கு ஒரு கருத்துச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் சற்றுத் தயங்கி, எந்த நிறுவனத்தின் சார்பில் என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்ட கேள்விதான் அது, என்னை மட்டம்தட்டக் கேட்டதில்லை. எந்த நிறுவனமும் இல்லை என்றேன். அது போதவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அதனால், நான் ஹந்தானையில் ஒரு லயத்தில் பிறந்தவள் என்றும் சொன்னேன்.

அந்தப் பெண்கள் நேராகக் கேட்கட்டும் என்று தமிழில்தான் பேசினேன். மற்றவர்களுக்கு என் சகா மொழிபெயர்த்தார். மண்டபத்தில் பாதிப்பேர் அந்த நேரத்தில், நான் லயத்தில் பிறந்தவள் என்று ஒரு ஆணின் குரல் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெண்களிடம் சொல் இருக்கிறது, அதைக் கேட்கும் இடத்தில்தான் பிழை இருக்கிறது என்றேன். அம்மாவின் சொற்களையும் அரைப் பேர் விஷயத்தையும் சொன்னேன். பதற்றத்தில் சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. முடித்தபோது மண்டபமே என் மீது இரக்கப்படத் தொடங்கிவிட்டது. யாரோ ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். நடத்துநர் குரலைத் தாழ்த்தி, உங்களுக்கு நேர்ந்ததை எங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறீர்களா, அவசரமில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு என்ன நேர்ந்தது என்று நான் சொல்லவே இல்லை. நான் சொன்னது ஒரு வாதம். அவருடைய ஆய்வு முடிவு தவறு என்று சொல்லியிருந்தேன். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் நான் அழுவதற்காகக் காத்திருந்தார்கள்.

“என்னோட அனுபவத்தக் கேக்காதீங்க,” என்றேன். “நான் சொன்னதுக்குப் பதில் சொல்லுங்க.”

நேரமாகிவிட்டது, மீதியைச் சாப்பிட்ட பிறகு பார்ப்போம் என்றார் நடத்துநர். சாப்பிட்ட பிறகு நான் கண்ணாடி அறைக்குள் இருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் அந்த விரிவுரையாளர் என்னைத் தேடி வந்தார். தெரிந்த அளவு தமிழில் பேச முயன்றார். “ஓம், நீங்கள் சொன்னது முக்கியம்,” என்றார். “ஆனா உங்கட சொந்தக் கதையைச் சொல்லியிருந்தா இன்னும் பலமா இருந்திருக்கும்.” அவர் கண்ணில் கள்ளம் இல்லை. உங்கள் கதையை யாரும் கேட்கவில்லையே என்று சொல்ல வாய் வரை வந்தது. தட்டை வைத்துவிட்டுச் சிரித்தேன். அவர் போய்விட்டார்.

பச்சைச் சேலைக்காரர் தட்டோடு வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். என்னைவிடக் கொஞ்சம் வயது கூட. “காலையிலேருந்து பால்நிலை பால்நிலைன்னு சொன்னீங்களா மிஸ்,” என்றார், முகத்தை மாற்றாமல். “பால்மா வெலையப் பத்தியாவது பேசுறாங்களேன்னு நெனச்சேன்.” அன்று நான் உண்மையாகச் சிரித்தது அப்போதுதான். பிறகு அவர் கேட்டார். “நீங்க லயத்துப் புள்ளைன்னு காலையில சொல்லவே இல்லியே?” எப்போது தோட்டத்தை விட்டுப் போனீர்கள் என்றும் கேட்டார். சின்ன வயதிலேயே பள்ளிக்கூட விடுதிக்குப் போனதைச் சொன்னேன். அப்படியா, என்று தலையாட்டினார். “அப்ப அது வேற.” போகும்போது என் ஃபோன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு எனக்கு வேலை குறைந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நடுநிலை பற்றிப் பேச்சு எழுந்ததாகச் சகா ஃபோனில் சொல்லிவிட்டு, கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள் நங்கி என்றார். அறையில் சும்மா இருந்தேன். சன்னலுக்கு வெளியே மழை. எதிர்ச்சுவரில் பாசி ஏறிக்கொண்டிருந்தது. இடையில் அதே நடத்துநர் ஒருமுறை அழைத்தார். கொழும்பில் இன்னொரு கூட்டமாம். மேடையில் ஒரு பேராசிரியர், ஒரு ஆய்வாளர், அவர்களோடு மலையகப் பெண்களின் குரலாக நான். மொழிபெயர்ப்பாளர் என்று என்னை அறிமுகப்படுத்த முடியுமா, சொற்களைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். அது கேட்பவர்களைக் குழப்பும் என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். சொல்லவில்லை.

அழைத்தது பச்சைச் சேலைக்காரர்தான். ஒரு காலை நேரம். பொலிசுக்குப் போக வேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டார். தோட்டத்தில் பேர் போடுகிற கணக்கப்பிள்ளை அவர் மீது கை வைத்திருக்கிறான். இரண்டாவது தடவை. பொலிசில் எல்லாம் சிங்களம்.

வீட்டில் சிங்களம் தெரிந்தவர்கள் இல்லையா என்று கேட்டேன்.

“எம் மகளுக்கு நல்லா வரும். அவ வாயால இதச் சொல்ல வைக்க ஏலாது மிஸ். சங்கத்துத் தலைவரு வந்து நானே பேசித் தீத்து வைக்கிறேங்கிறாரு. அவரு பேசினா அது அவரு கதையாத்தான் இருக்கும்.”

பன்வில பஸ்ஸில் ஏறினேன். பொலிஸ் நிலையத்து வாசலில் அவர் அதே பச்சைச் சேலையில் தனியாக நின்றார். உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்தார். “நான் சொல்றத மட்டும் சொல்லுங்க. நீங்களா ஒன்னும் சேக்காதீங்க.” இதையே எத்தனையோ அதிகாரிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இவர் சொன்னபோது மறுபேச்சில்லாமல் சரி அக்கா என்றேன்.

முறைப்பாட்டை எழுதியவர் ஒரு சிங்களப் பெண் கான்ஸ்டபிள். இளம் வயது, பொறுமையானவர். நான் யார், உறவா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் என்றேன். சரி என்று எழுதத் தொடங்கிவிட்டார். அந்த ஒரு இடத்தில் அது போதுமானதாக இருந்தது.

பச்சைச் சேலைக்காரர் தமிழில் சொல்லச் சொல்ல, நான் சிங்களத்தில் ‘நான்’ என்று சொன்னேன். கொழுந்து மூட்டையை இறக்கும்போது என் பின்னால் வந்து நின்றான். நான் நகர்ந்தேன். அவனும் நகர்ந்தான். அவர் நிதானமாகச் சொன்னார், தடுமாறியது நான்தான். எழுதி முடித்துக் கான்ஸ்டபிள் வாசித்தார். அதில் ‘கரதர’ என்ற சொல் இருந்தது. நான் அதைத் தமிழில் தொந்தரவு என்று சொன்னேன்.

பச்சைச் சேலைக்காரர் என் பக்கம் திரும்பினார். “தொந்தரவுன்னா நான் சொன்னேன்?”

“இல்லக்கா. அவங்க அப்படி எழுதியிருக்காங்க.”

“எங்கே கை வச்சான்னு சொன்னேன்ல. அத அப்படியே எழுதச் சொல்லுங்க.”

நான் சொன்னேன். கான்ஸ்டபிள் பேனாவைக் கீழே வைத்தார். பெண்களுக்கு வெட்கமாக இருக்குமே என்றுதான் அப்படி எழுதினேன் என்றார். வெட்கம் எனக்கில்லை, அவனுக்குத்தான் என்று அவர் சொன்னதை நான் சிங்களத்தில் சொன்னேன். கான்ஸ்டபிள் பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டி மறுபடி எழுதினார்.

வெளியே ஒரு தேநீர்க் கடையில் ப்ளேன்டீ குடித்தோம். அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு பேசினார்.

“அன்னைக்கி அந்த ஹோட்டல்ல நீங்க பேசினது சரிதான் மிஸ். ஆனா நாங்க அங்கேயே உக்காந்திருந்தோம். எங்கள வச்சிக்கிட்டே நீங்களும் எங்களப் பத்தித்தான் பேசினீங்க.”

அவருடைய பஸ் வந்தது. வாரேங்க என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

கணக்கப்பிள்ளையை வேறு டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள். வழக்கு இன்னும் எடுக்கப்படவில்லை. அவன் போன இடத்திலும் பெண்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் அவர்தான் ஃபோனில் சொன்னார். தன் லயத்தில் சிலர் தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்பதையும் சொன்னார். இவளால் தோட்டத்துக்கே பேர் கெட்டுப் போச்சு என்று தண்ணீர்ப் பீலியடியில் காது படச் சொல்கிறார்களாம். மகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றேன். அது எனக்குத் தெரியாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் சாப்பிட்ட பிறகு அழைக்கிறார். எல்லா வாரமும் அல்ல. முதல் தடவை ஏதாவது பிரச்சினையா என்று பதறிக் கேட்டேன்.

“ஒன்னும் இல்ல மிஸ். பேசுறதுக்கு ஆள் இல்ல, அதான் எடுத்தேன்.”

இங்கேயும் அப்படித்தான் அக்கா என்றேன். பிறகு, அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டார். பெய்கிறது என்றேன். பன்விலையிலும் பெய்கிறதாம். காலில் அட்டை ஏறுவது கூடிவிட்டதாம், காலையில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டுதான் மலைக்குப் போகிறார்களாம். என்ன சமைத்தீர்கள் என்று கேட்டார். பருப்பு என்றேன். ஒரு ஆளுக்குச் சமைக்கிறதுதான் கஷ்டம் என்றார். இப்போதும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார். நானும் திருத்தவில்லை.