இரண்டாவது காற்றாடி

க்றீச்... க்றீச்... பக்கத்து அறையிலிருந்து வந்த சத்தத்தில் லோகேஸ்வரனின் கை அப்படியே நின்றுவிட்டது. சுருள்கம்பி நீண்டு சுருங்கும் சத்தம். தொட்டில் ஆடும் சத்தம்.

ஜன்னலோரம் மழைத்தண்ணீர் கசிகிறது என்று தனுஜா கூப்பிட்டதால்தான் ஜெலுத்தோங்கில் இருந்த அந்த வீட்டு மாடிக்கு அவர் வந்திருந்தார். கதவைத் திறந்தவள் தோளில் மூன்று மாதக் குழந்தை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வந்த பிள்ளை. சந்தோஷத்தில் அதன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாரே தவிர, அப்போது தோன்றாத ஒன்று இப்போது நெஞ்சில் குத்தியது. பிள்ளை இருந்தால் தொட்டில் இருக்கும். அதை எதில் மாட்டியிருக்கிறார்கள்?

அந்த மாடியில் உத்தரமே கிடையாது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கட்டியவரே அவர்தான். கீழே பழைய வீட்டின் அஸ்திவாரம் செங்கல் பாரம் தாங்காது என்பதால், சுவரும் கூரையும் பேனலில் எழுப்பினார்கள். இரண்டு மரப்பலகை, நடுவில் கெட்டியான வெள்ளை நுரை. வெயில் உள்ளே இறங்காது. ஆனால் வெறும் பலகையில் கொக்கியைத் திருகி, கீழே பிள்ளையைப் போட்டு ஆட்டினால் ஒருநாள் பிடுங்கிக்கொண்டு வரும்.

லோகேஸ்வரன் ஓடினார்.

பைராம் தோட்டத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் ஜெலுத்தோங் இருக்கும் தீவுக்கு வந்து, இருபது வருஷம் செங்கல் அடுக்கியவர் அவர். முதுகு விட்டுப்போனதும் பேனல் வேலைக்கு மாறினார். மீன் வைக்கும் நுரைப் பெட்டியில் வீடு கட்டுகிறவன் என்று பழைய கூட்டாளி சின்னையா இன்றுவரை கிண்டல் செய்வார். அதையெல்லாம் சிரித்தே தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது ஒன்றுதான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், தோட்டத்தில் இருந்த பெற்றோர் வீட்டில், கரையான் அரித்தது தெரியாமல் ஓர் உத்தரத்தில் அவர் கையாலேயே தொட்டில் கட்டினார். அது விழுந்தது. மகள் பிழைத்தாள், ஆனால் இடது காது கேட்காமல் போய்விட்டது. இன்றும் யார் கூப்பிட்டாலும் அவள் வலது பக்கமாகத்தான் திரும்புவாள். அப்படித் திரும்பும் ஒவ்வொரு முறையும் பெற்றவன் மனம் ஒருமுறை செத்துப் பிழைக்கும்.

அறைக்குள் போனவர் எதையும் கேட்கவில்லை. சாரோங் துணித் தொட்டிலிலிருந்து பிள்ளையை வாரியெடுத்து தனுஜாவின் கையில் கொடுத்தார். அவள் முகம் வெளுத்தது.

நாற்காலியில் ஏறி, விரல் முட்டியால் கூரையைத் தட்டினார். பொத், பொத் என்றது. கொக்கியை நெருங்கியதும் சத்தம் மாறியது. டொக், டொக். கெட்டி மரம். கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, காலை நாற்காலியிலிருந்து எடுத்து, தன் எழுபது கிலோ எடையோடு தொங்கினார். அது அசையவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பேனலைத் தூக்குவதற்கு முன் எந்த வீட்டிலும் அவர் கேட்பது வழக்கம்: சாமிப்படம் எங்கே, கூரையில் மாட்டும் காற்றாடி எங்கே? அந்த இடத்தில் நுரையைக் குடைந்து உள்ளே மரக்கட்டை செருகிவிடுவார். கட்டி முடித்த பிறகு செருக முடியாது. இந்த அறைக்குக் கேட்டபோது தனுஜா கதவுப்பக்கம் ஒரு காற்றாடி என்றாள். கொஞ்சம் தயங்கி, அவர் முகத்தைப் பார்க்காமலே, ஜன்னல் பக்கம் இன்னொன்று என்றாள். அவள் புருஷன் தனேஷ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பத்தடி அறைக்கு இரண்டு காற்றாடி போட்டால் பறந்துவிடுவீர்கள் என்று லோகேஸ்வரன் கேலி செய்ய, வேலையாட்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இப்போது அறையில் ஒரு காற்றாடிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

“ரெண்டாவது காத்தாடி எங்கம்மா?”

“அது காத்தாடி இல்லண்ணே.” தனுஜா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “வீடு கட்டுறதுக்கு முன்னால ரெண்டு தடவை வயித்துல தங்கல. வராத பிள்ளைக்குத் தொட்டில்னு எப்படி வாயால சொல்றது? சொன்னா அதுவும் போயிரும்னு பயம். கேட்காம விட்டா அப்புறம் கட்டை வைக்க முடியாதுன்னீங்க. அதான் பொய் சொன்னேன்.”

லோகேஸ்வரன் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்தது. தன் மகள் கதையை அவளிடம் சொன்னார். மனைவி குணவதியைத் தவிர வேறு யாரிடமும் அவர் பேசாதது. தனுஜாவும் அழுதாள். பிறகு, தனேஷ் பத்து கிலோ அரிசிப் பையைத் தொட்டிலில் போட்டு மூன்று நாள் ஆட்டிப் பார்த்ததையும், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, பிள்ளை யார் சாயல் என்று கேட்டதையும் சொல்லி அவரைச் சிரிக்க வைத்தாள்.

பிள்ளையை அவரே திரும்பத் தொட்டிலில் போட்டார். நாலு ஆட்டு ஆட்டினார். அது தூங்கிவிட்டது.

ஜன்னல் கசிவை அடைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வாசலில் தனுஜா கைகூப்பி நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

“தூங்குது, சத்தம் போடாதம்மா. கதவ மெல்ல சாத்து லா.”

அவர் செருப்பை மாட்டும்வரை நின்றிருந்தவள், சத்தமே வராமல் கதவைச் சாத்தினாள்.