ராஜகீதமும் என் இரண்டு கால்களும்

போன சனிக்கிழமை மாலை மியூசியம் ஹாலில், வெள்ளைக்கார ராஜாவை வாழ்த்தும் ராஜகீதம் ஒலித்தபோது சபையே எழுந்து நின்றது. ஒருத்தி மட்டும் நிற்கவில்லை.

அந்த ஒருத்தி நான்தான். அதுவும் மேடையில்... எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில்!

அரசியல் ஏதோ என்று பதறாதீர்கள். கால் மரத்துப் போயிருந்தது. அவ்வளவுதான்.

மியூசியத்தில் அவ்வப்போது பொதுமக்களுக்காக ஒரு லெக்சர் வைக்கிறார்கள். இந்த முறை தலைப்பு, ஜப்பானியர் வீடும் பழக்கவழக்கமும். நான் அதைப் பற்றித் தேடித் தேடிப் படிப்பது எங்கள் பள்ளியின் வெள்ளைக்கார ஹெட்மிஸ்ட்ரஸ் துரைசாணிக்குத் தெரியும். "நீயே பேசு. நன்றாக நடந்தால் திங்கள் முதல் ஏழாம் வகுப்பு உனக்கு" என்றார்.

பாலர் வகுப்பில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஏழாம் வகுப்பு! விடுவேனா?

புத்தகங்கள் போதாதென்று, போட்டோக் கடை ஜப்பான்கார அம்மாவிடமும் போனேன். பாயில் உட்காரும் முறையைக் காட்டினார். முழங்காலை மடக்கி, குதிகால் மேல் உட்கார வேண்டும். முதுகு வளையக்கூடாது.

"கொஞ்ச நேரம் காட்டு, போதும்லா. அப்புறம் நாற்காலி எடுத்துக்க" என்றார், கடைத்தெருவில் எல்லோரும் பேசுகிற பாசார் மலாயில்.

நாற்காலியா? தரையில் சாப்பிட்டு, தரையில் படுத்து வளர்ந்த தமிழச்சிக்கா? லெக்சர் முழுவதையும் அப்படியே உட்கார்ந்து பேசுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வியாதி உண்டு – 'தெரியாது', 'முடியாது' இரண்டும் வாயில் வராது.

பேச்சு நன்றாகத்தான் போயிற்று. வெளியே உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு, வீட்டில் உள்ளவர்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராக ஒரே வெந்நீர்த் தொட்டியில் இறங்குவார்கள் என்றேன். கடைசி வரிசையிலிருந்து "அம்மாடியோ!" என்று ஒரு குரல். அப்பாதான். ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர். அன்றைக்கு இரவல் கோட்டுப் போட்டு வந்திருந்தார்.

இதற்குள் பாதத்தில் எறும்பு ஊர ஆரம்பித்தது. டீ பரிமாறும் முறைக்கு வந்தபோது எறும்பும் போய்விட்டது. முடிவுரையில், முழங்காலுக்குக் கீழே எனக்குச் சொந்தமானது என்று எதுவுமே இல்லை.

கைதட்டல். கூடவே பியானோ. ராஜகீதம்!

நாற்காலிகள் கிறீச்சிட்டன. நான் எழ முயன்றேன். அசைவில்லை. துரைசாணியின் புருவம் மேலே ஏறியது. போயிற்று ஏழாம் வகுப்பு! பாலர் வகுப்பாவது மிஞ்சுமா? பலத்தையெல்லாம் திரட்டி உந்தினேன்... அப்படியே முன்னால் சாய்ந்து, இரண்டு கையும் பாயில் ஊன்ற, நெற்றி தரையில் முட்ட விழுந்தேன்.

அங்கேயே கிடந்தேன். வேறு வழி?

பாட்டு முடிந்தது. நான் நிமிரவில்லை. பிறகு... இடி மாதிரி கைதட்டல்!

"ஜப்பானிய வணக்கம்! ராஜாவுக்கு!" என்று யாரோ பக்கத்து ஆளுக்கு விளக்கினார்கள். ஓரக்கண்ணால் பார்த்தேன். போட்டோக் கடை அம்மா மட்டும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

அப்பா மேடையேறிக் குனிந்தார்.

"எந்திரி ரோசா. கும்பிட்டது போதும்."

"காலு இல்லப்பா."

"இருக்கு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். "அரிசி மூட்டையே தேவலாம்மா... அது இப்படித் துவளாது."

துரைசாணி கண்ணைத் துடைத்தபடி வந்தார். "என்ன பணிவு! ஏழாம் வகுப்பு உனக்குத்தான். பரிசளிப்பு விழாவில் நம் பெண்கள் எல்லோரும் அந்த வணக்கத்தைச் செய்ய வேண்டும். நீயே சொல்லிக்கொடு."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வியாதிதான் உங்களுக்குத் தெரியுமே. "ஆகட்டும், மேடம்" என்றேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது என்ற தைரியத்தில்தான் இங்கே உங்களிடம் சொல்கிறேன்.

திங்கட்கிழமை ஏழாம் வகுப்புக்குள் நொண்டிக்கொண்டே நுழைந்தேன். அத்தனை பெண்களும் ஒரே துள்ளலில் எழுந்து நின்றார்கள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது.