ரீஸ்டார்ட் பிடிக்காத ஜபர் பாய்

ஜபர் பாய் இறந்த செய்தி எனக்கு வந்து சேர்ந்த விதத்தை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. கீரனூரில் திருச்சி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எங்கள் மருத்துவமனையின் அறந்தாங்கிக் கிளையிலிருந்து லேப் பெண் அழைத்தாள். "மேடம், காலையிலேர்ந்து ஒரு ரிசல்ட்டும் தொறக்க மாட்டேங்குது. டயாலிசிஸ்காரங்க எல்லாம் ஒக்காந்திருக்காங்க." உடனே பாயின் எண்ணை அழுத்தினேன். எடுத்த எடுப்பில், "பாய், அறந்தாங்கி மறுபடியும் படுத்துருச்சு, எங்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டேன். பேசியது அவருடைய தம்பி. "அண்ணன் மவுத்தாயிட்டாரும்மா. விடிகாலை பஜர் தொழுதுட்டு வந்து நாற்காலியில ஒக்காந்தாரு, அவ்வளவுதான். மத்தியானம் லுகர் தொழுகை முடிஞ்சதும் எடுக்குறோம்" என்றார்.

போனை வைத்தேன். சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் வந்த புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். பாயின் வீடும் அறந்தாங்கியில்தான்.

பாயை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அவர் என்ன வேலை பார்த்தார் என்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் பாய் என்பதோடு சரி. எங்கள் மருத்துவமனைக்குத் தலைமையிடம் திருச்சியில். புதுக்கோட்டை மாவட்டத்தில் சில கிளைகள். பரிசோதனை முடிவுகள் எல்லாம் திருச்சி சர்வரில் இருக்கின்றன. கிளையிலுள்ள கம்ப்யூட்டர் முதலில் அந்தச் சர்வரின் பெயர்ப் பதிவிடம், "ரிசல்ட் தருகிறவர் எங்கே?" என்று பெயர் சொல்லிக் கேட்கும். அது ஒரு முகவரி கொடுக்கும். அந்த முகவரிக்குப் போய்த்தான் ரிசல்ட்டை வாங்க வேண்டும். நடுவில் எங்கே அறுந்தாலும் திரையில் வருவது அதே சிவப்புப் பிழைதான். எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பாயின் வேலை, என் வேலையும்.

"பேரே இல்லேங்குதா, பேரு இருந்து ஆளு வரலையா? மொதல்ல அதைச் சொல்லுங்க" என்பார் போனில். தெரியவில்லை என்றால் பிழைச் செய்தியைக் கடைசி வரி வரை வாசிக்கச் சொல்வார். அது அனுமார் வால் மாதிரி நீளும். ஒருமுறை டாக்டர் ஒருவர் பொறுமை இழந்து, "முதல் வரி போதாதா?" என்று சத்தம் போட்டார். "மேல இருக்கறதெல்லாம் ஒப்பாரி சார், காரணம் அடியிலதான் கெடக்கும்" என்றார் பாய். டாக்டர் சிரித்துவிட்டு மீதியையும் வாசித்தார்.

சர்வர் இருக்கும் அறையிலேயே சோதித்துப் பார்த்துவிட்டு, "இங்க வருதே" என்று யாராவது சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கடைக்குள்ள நின்னுக்கிட்டு கடை தொறந்திருக்கான்னு பாக்காதீங்க. வெளியே போயிக் கதவைத் தட்டுங்க" என்பார். சொன்னதோடு நிற்க மாட்டார். எந்தக் கிளையில் கோளாறோ அந்தக் கிளைக்கு பஸ் ஏறிப் போய்விடுவார். நானோ உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் நடக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள். இந்த ஒரு விஷயத்துக்காக நாங்கள் சண்டை போடாத வாரம் கிடையாது.

ரீஸ்டார்ட் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. ஒருநாள் மேனேஜர் இவரைக் கேட்காமல் சர்வரை நிறுத்திக் கிளப்பிவிட்டார். பிழையும் போய்விட்டது. பாய் அன்று கேன்டீனில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டார். "திருடனைப் புடிக்கச் சொன்னா, வெளக்கை அணைச்சு ஓட விடுறாரு" என்று என்னிடம் பொருமினார். மறுநாளே அந்தத் திருடன் திரும்பி வந்தான். பாயின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கை காட்டுகிற இடத்தில் எல்லாம் நிறுத்தினார்கள். ஓட்டுநர் மேல் கோபம், ஏறுகிறவர்கள் மேல் கோபம், எல்லாவற்றையும்விடப் பாய் மேல் கோபம். நெஞ்செரிச்சல் என்று மாசக்கணக்காக கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர். மருத்துவமனையிலேயே வேலை பார்த்தும் ஒரு இ.சி.ஜி. எடுக்கவில்லை. சர்வருக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசியைத் தனக்குக் காட்டியிருந்தால் ஐம்பது வயதுக்குள் போயிருக்க மாட்டார். அழுகை மட்டும் வரவில்லை.

புதுக்கோட்டையில் பஸ் மாறும்போது திருச்சியிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். "செல்வி, நேரா வீட்டுக்குப் போயி பாய் முகத்தைப் பாருங்க. நான் இங்க ரீஸ்டார்ட் பண்ணிடறேன்" என்றார். அன்பில் சொன்ன வார்த்தை. சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. கிளைக்குப் போனால் முகம் பார்க்கத் தவறலாம். போகாவிட்டால், ரத்த ரிசல்ட் வந்தபின் டயாலிசிஸுக்கு ஊசி குத்திக்கொள்ளக் காத்திருப்பவர்கள் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மற்ற கிளைகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது அறந்தாங்கி மட்டும் ஏன் படுத்தது? "நான் போயிப் பாக்குற வரைக்கும் தொடாதீங்க சார்" என்றேன். சொன்ன மறு நொடியே எனக்கு என்னையே அறைய வேண்டும்போல் இருந்தது.

கிளையில் பெஞ்சு நிறைய ஆட்கள். தூக்குவாளியோடு இருந்த ஒருவர், "முந்தாநேத்து வந்தப்ப நல்லாத்தானே ஓடுச்சு தாயி" என்றார். பிழையைக் கடைசி வரி வரை இறக்கிப் பார்த்தேன். பெயர் கிடைத்திருக்கிறது. கூடவே ஒரு முகவரியும் கிடைத்திருக்கிறது. அந்த முகவரியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது திருச்சிக் கட்டடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் உள் முகவரி.

"இன்னைக்கு இங்க என்ன நடந்துச்சு?" என்று லேப் பெண்ணைக் கேட்டேன். "விடிகாலைல கரண்டு போயிட்டு வந்துச்சு மேடம். எல்லா மிஷினையும் மறுபடி போட்டோம்."

திருச்சிக்குப் போன் போட்டு விசாரித்ததும் விஷயம் பிடிபட்டது. முந்தின நாள் திருச்சியில் சர்வருக்கு இன்னொரு நெட்வொர்க் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு புதிதாகக் கேட்கிறவர்களுக்கு எல்லாம் பெயர்ப் பதிவு உள் முகவரியையே கொடுத்திருக்கிறது. மற்ற கிளைகள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த பழைய முகவரியில் ஓடிக்கொண்டிருந்தன. கரண்டு போனதால் அறந்தாங்கி மட்டும் புதிதாகக் கேட்டு மாட்டிக்கொண்டது. சர்வரை ரீஸ்டார்ட் செய்திருந்தால் அத்தனை கிளையும் புதிதாகக் கேட்டு, அத்தனையும் ஒரே அடியாகப் படுத்திருக்கும்.

மேனேஜரிடம் சொன்னேன். அந்த ஒரு பெயரை மட்டும் சரியான முகவரியோடு மறுபடி பதிவு செய்யத் தொடங்கினார். அதற்குள் பள்ளிவாசலிலிருந்து லுகர் பாங்கு கேட்டது. நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். லேப் பெண், "வந்துருச்சு மேடம்!" என்று கத்தியதும் பையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

வீட்டு வாசலில் செருப்புகள் குறைவாகவே கிடந்தன. மய்யித்தை அடக்கம் செய்ய எடுத்துப் போய்விட்டிருந்தார்கள்.

உள்ளறையில் பெண்களுக்கு நடுவே பாயின் மனைவி மும்தாஜ் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "வேலை முடிஞ்சுதா செல்வி?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதுக்கா."

"எதனாலயாம்?"

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். "வீட்டுக்கு வந்ததும், சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லிருவாக. இன்னைக்கு என்ன கோளாறு, எதனால வந்துச்சுன்னு. எனக்கு ஒண்ணும் புரியாது, கேட்டுக்கிட்டு இருப்பேன். காலைல நீங்க போன் போட்டதைத் தம்பி சொன்னாக. அது என்னன்னு நீங்க சொல்லுங்க."

சொன்னேன். கரண்டு போனது, புதிதாகக் கேட்டது, தப்பான முகவரி வந்தது, மற்ற கிளைகள் பிழைத்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். அக்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். முடித்ததும், "சரி, சாப்புடுங்க" என்றார்.

தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. என்ன சொன்னோம் என்று அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது. என் தோளில் சாய்ந்துவிட்டார். காலையிலிருந்து வராத அழுகை எனக்கும் அப்போதுதான் வந்தது.

பாயின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. அந்தக் குறை எனக்குத் தீராது. அவர் வழக்கம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். கோளாறு எதுவானாலும், சரியானதும் அறந்தாங்கிக்குப் போன் போட்டு மும்தாஜ் அக்காவிடம் எதனால் வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன். அவருக்கு இன்னும் ஒன்றும் புரிவதில்லை. கடைசி வரை கேட்கிறார்.