டீக்கறை படிந்த சர்க்யூட் படங்கள்

பழைய பெட்டிகளை ரிப்பேர் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும்: டிவி இருக்கும், ரேடியோ இருக்கும், அதன் சர்க்யூட் படம் மட்டும் கிடைக்காது, கேட்கலாமென்றால் கம்பெனியே இருக்காது. அதனால் ராமநாதபுரத்தில் என் கடையில் ரிப்பேரோடு, கிடைக்கிற படங்களை ஸ்கேன் செய்து, கேட்கிற மெக்கானிக்குகளுக்கு அனுப்பியும் வைக்கிறேன்.

வட்டக் கறை

அக்காள்மடத்தில் ஒரு டிவி மெக்கானிக் இறந்துபோனார். அவர் மனைவி செல்வி அக்கா, கணவரின் சர்வீஸ் புத்தகங்களை எடைக்குப் போட மனசு வராமல் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தார். ஒரு படத்தின் நடுவில் வட்டமாகக் கறை. கம்ப்யூட்டரில் அதை அழித்துவிடலாம் என்று காட்டினேன். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இருக்கட்டும் தம்பி. நான் போட்டுக் குடுத்த டீ."

காது மெஷின்

கமுதிப் பக்கம் மிளகாய் போடுகிற பெரியவர் ஒருவர், சட்டைப் பையில் வைக்கிற பழைய காது மெஷினோடு வந்தார். புது மாடல் எதுவும் அவருக்கு ஒத்துவரவில்லை. இது நின்றதிலிருந்து வீட்டில் யாரோடும் பேச்சே இல்லை என்றார் கூட வந்த மனைவி. செல்வி அக்காவின் சாக்கில் அதற்கும் ஒரு படம் இருந்தது. அதை வைத்துச் சரிசெய்து பெரியவர் காதில் மாட்டிவிட்டேன். மனைவி பின்னால் நின்று மெதுவாக, "ஏங்க" என்றார். பெரியவர் திரும்பவில்லை.

"கேக்குது. இன்னொருக்கா கூப்பிடு."

வயர்லெஸ்

வாலிநோக்கத்து அந்தோணியின் படகு கடலில் நின்றுபோனது. வயர்லெஸ்ஸும் வேலை செய்யாததால் கரைக்குச் சொல்ல வழியில்லை. வேறொரு படகு கண்டு இழுத்துவந்தது. வயர்லெஸ் சரியாகாமல் இனி கடலுக்கு விட மாட்டேன் என்றுவிட்டார் மனைவி மேரி. என்னிடம் இருந்த படத்தில் வேண்டிய பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். முகம் தெரியாத ஒரு கேரள மெக்கானிக் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினார். சரிசெய்த செட்டோடு அந்தோணி படகை எடுத்தார். கரையில் இன்னொரு செட்டோடு நானும் மேரியும் நின்றோம். கேட்கிறதா என்று அவர் கேட்டது தெளிவாக வந்தது. மேரி பட்டனை அமுக்கினார்.

"கேக்குது. சோறாக்கிட்டேன், வெரசா வாங்க."

ஊரார் பெட்டிக்கெல்லாம் படம் வைத்திருக்கிற என் வீட்டில், இன்வெர்ட்டர் கெட்டால் மட்டும், என் கை ஒழிவதில்லை என்று, பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன்தான் வந்து பார்க்கிறார்.