ஆரோக்கியம் அக்கா தராத பெயர்

ஆரோக்கியம் அக்கா இன்று காலை போய்விட்டார். அவர் மகள் பிலோமினா இப்போதுதான் பாம்பனிலிருந்து போன் செய்து சொன்னாள்.

பாம்பனில் கருவாட்டுக் கடை வைத்திருந்த அதே அக்காதான். நான் சொல்லி அங்கே நெத்திலி வாங்கப் போன நண்பர்கள் சிலர் இந்த மெயில் லிஸ்டில் இருக்கிறீர்கள்... பேரம் பேசித் தோற்றுப்போய் என்னிடம் வந்து புலம்பியும் இருக்கிறீர்கள்.

எங்கள் பழக்கம் தனுஷ்கோடியில் ஆரம்பித்தது. உத்தரகோசமங்கைப் பக்கம் பிறந்த நான், ரயில்வே வேலைக்காரரைக் கட்டிக்கொண்டு அங்கே குடிபோன புதுசு.

மீன் வாசனையே தெரியாத வீட்டில் வளர்ந்தவள். பக்கத்து வீட்டு சவரிமுத்து அண்ணன், புதுப்பெண்ணுக்கு மரியாதை என்று, ஒரு பெரிய சீலா மீனைக் கொண்டுவந்து என் வாசற்படியில் கிடத்திவிட்டுப் போனார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் மனைவி ஆரோக்கியம் அக்கா வந்து, சிரித்துக்கொண்டே அதைத் தூக்கிப்போய்க் குழம்பு வைத்து, என் வீட்டுக்காரருக்கு மட்டும் கொடுத்தனுப்பினார்.

அப்புறம் அறுபத்து நாலு புயல்.

அன்றைக்கு அண்ணன் கடலில் இருந்தார். அக்கா, கைக்குழந்தை பிலோமினா, அக்காவின் மாமியார், நாங்கள் இருவர்... ஒரு மாடியில் ஏறித் தப்பித்தோம். விடிந்து பார்த்தால் ஊர் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு இராமேசுவரத்தில் மணலில் கிடந்தோம். வீடில்லாத ஜனம் அத்தனை பேரும், உடுத்திய துணியோடு.

சாவு விழுந்த துஷ்டி வீட்டில் என்ன திருநாள் என்று சிலர் முனகினார்கள். பங்குச் சாமியார் விடவில்லை. கரையில் ஒதுங்கிக் கிடந்த வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் வெள்ளை வேட்டி விரித்து, பீடம் என்றார்கள். கோயில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு.

நடுச்சாமப் பூசைதான் வழக்கமாம். விளக்குக்கு வழியில்லாததால் காலையில் வைத்தார்கள். நான் பார்த்த முதல் பூசை அது. பாதி எனக்குப் புரியாத பாஷையில் நடந்தது, ஆனால் அழுகை எல்லாருக்கும் புரிகிற பாஷையில்.

பூசைக்கு முன்னால் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னார் கோயில் உபதேசியார். ஒவ்வொரு குடும்பமாக எழுந்து சொன்னார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் முழுக்கச் சேர்ந்து, அந்த ஆத்துமாவுக்கு நித்திய இளைப்பாற்றி தரச்சொல்லிக் கடவுளிடம் கேட்டது.

எங்கள் பக்கம் வந்தபோது அக்கா எழுந்திருக்கவில்லை. உபதேசியார் இரண்டாவது தடவையும் கேட்டார்.

"எங்க வீட்டு ஆளு கடலுக்குப் போயிருக்காரு. பேரு தரமாட்டேன்."

மாமியாருக்குத் தாங்கவில்லை. வேண்டுதல் இல்லாமல் மகனுடைய ஆத்துமா வேதனையில் கிடக்குமே என்று அவருக்குப் பயம். அவர் எழுந்து "சவரி..." என்று ஆரம்பித்ததும், அக்கா அவரை இழுத்து அணைத்து, வாயைப் பொத்திவிட்டார்.

"மாமி, தலைமன்னார்ப் பக்கம் ஒதுங்கியிருப்பாரு. பேரைச் சொல்லிட்டீங்கன்னா வந்து எங்கன நிப்பாரு?"

பெற்றவள் ஒரு பக்கம், கட்டியவள் ஒரு பக்கம். யாருக்காகப் பேசுவதென்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை... இன்றைக்கும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருந்தார். அது எனக்கு வெட்கமாக இருந்தது. அவருடைய கையை விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

தண்டவாளத்தைத் தட்டினார்கள். பாலன் பிறந்துவிட்டார் என்று பாடத் தொடங்கினார்கள். அக்காவும் பாடினார், ஒரு கை இன்னும் மாமியாரின் தோளில். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாவும் பாடினார்.

சாகும்வரை மாமியார் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மருமகளோடுதான் கடைசிவரை இருந்தார்.

அண்ணன் வரவில்லை. அக்கா தாலியைக் கழற்றவில்லை, கலர் சேலையை விடவில்லை. ஊர் பேசாமல் இருக்குமா... பேசியது. பேசின வாயெல்லாம் அக்கா கடையில்தான் கருவாடு வாங்கியது.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தியோடு கல்லறைக்குப் போகும். அக்கா மட்டும் கடையைத் திறந்து வைத்திருப்பார்.

ஆனால் கிறிஸ்துமஸ் தவறாது. கடலில் இருப்பவர்களுக்காக மன்றாடும்போது சவரிமுத்து பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

சில வருஷம் முன்பு புதிதாக வந்த இளவயதுச் சாமியார், விவரம் தெரியாமல், "இந்த வயசுல அவரைக் கடலுக்கு விடுறீங்களே பாட்டி" என்றாராம்.

"நான் விடல சாமி. அவராத்தான் போனாரு."

இதை போனில் என்னிடம் சொல்லிவிட்டு அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே... எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

போன வாரம் பிலோமினாவைப் பக்கத்தில் கூப்பிட்டிருக்கிறார். மருந்துதான் கேட்கிறார் என்று நினைத்தாளாம் அவள்.

"அடக்கப் பூசையில என் பேரை வாசிக்கயில, உங்க அய்யா பேரையும் சேத்து வாசிக்கச் சொல்லு. இனிமே கரையில காத்துக் கிடக்க ஆளில்லைல."

இதைச் சொல்லும்போதுதான் பிலோமினா உடைந்தாள். அதுவரை பஸ் நேரம் எல்லாம் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்.

நாளைக்குச் சாயங்காலம் அடக்கம். இரண்டு பெயரையும் வாசிக்கிறார்களாம். முழங்கால் வலியாவது ஒன்றாவது, நான் கிளம்புகிறேன்.

போயிட்டு வாங்க அக்கா. அண்ணனைப் பார்த்தால்... நான் கேட்டதாகச் சொல்லுங்க.