கானுக்கு மேலே குவித்த மண்

போன வருடம் ஒரு பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் பேசக் கூப்பிட்டார்கள். சாதாரண மனிதர்கள் தினமும் செய்யும் சின்னக் காரியங்களால் உலகம் மாறும் என்று அரை மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். பாதிக் கைதட்டல் நான் முடித்துவிட்டேன் என்பதற்காக. ஆனாலும் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் சந்தில் நாங்கள் ஏழெட்டு வீட்டார் தினமும் செய்த ஒரு சின்னக் காரியம் ஒரு பெண்ணின் அடுப்படியையே மாற்றிப்போட்டது.

கண்டியில் முந்திக்கொண்டவர்கள் சமதரையில் வீடு கட்டினார்கள். மிச்சப்பேர் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். எங்கள் சந்தும் அப்படி ஒரு சரிவுதான். அதன் ஓரமாக மழைத்தண்ணீர் இறங்க ஒரு கானு. விடிந்ததும் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வாசலைக் கூட்டி, பலாச் சருகையும் ஷொப்பிங் பைகளையும் கானுக்குள் தள்ளிவிட்டு, உள்ளே போய்த் தேத்தண்ணி குடிப்போம். வாசல் பளிச்சென்று இருக்கும். தள்ளியது எங்கே போகிறது என்பது கானின் பாடு.

அது போய் முட்டும் இடத்தில் கடைசி வீடு, இடியப்ப அக்காவுடையது. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர், புருஷன் இல்லை. இருட்டோடு எழும்பி அவித்து, சந்து முழுக்க இடியப்பம் கொடுப்பார். எங்கள் காலை வயிறெல்லாம் அந்த அடுப்படியை நம்பித்தான் விடிந்தது. கானு அடைத்துக்கொண்டால் தண்ணீர் அந்த அடுப்படியின் படிவரை ஏறும்.

ஒரு நாள் இடியப்பத்தை நீட்டிக்கொண்டே கேட்டார். "தம்பி, சருக கானுக்குள்ள தள்ளாம ஒரு பையில அள்ளி வச்சீங்கன்னா பெரிய புண்ணியம். தண்ணி படியத் தாண்டுச்சுன்னா என் பொழப்பு போச்சு."

"நானா அக்கா? எல்லாம் எனக்கு மேல இருக்கிறவங்க வேல" என்றேன், கையில் விளக்குமாற்றோடு.

எனக்கு மேல்வீட்டு ஹாஜியாரிடம் போய்க் கேட்டிருக்கிறார். "நான் கொட்டுற இல்ல மகள், மேல ஊட்டுக்காரங்கதான் தள்ளுற" என்றாராம். உச்சி வீட்டுக்காரருக்கு மேலே வீடு கிடையாது. அவர் காற்றைச் சொன்னார்.

நாலு புத்தகம் படித்தவன் ஒரு பைக்காகக் குனிவானா? இயக்கம் ஒன்றைத் தொடங்குவான். சந்தின் வாட்ஸ்அப் குழுவில், எல்லோரும் சேர்ந்து கானைத் துப்புரவாக்க ஒரு சிரமதானம் வைப்போம் என்று போட்டேன். கட்டைவிரல்கள் கொட்டின.

"பைய எடுத்து அள்ள இடுப்பு வலிக்குது. ஊரக் கூட்ட மட்டும் வலிக்கல்ல" என்றாள் மனைவி.

எல்லோருக்கும் லீவு என்று பௌர்ணமிப் போயா தினத்தைத் தெரிவு செய்தோம். மண்வெட்டி பிடித்தோம், பிடித்ததைப் படம் பிடித்தோம். அக்கா எல்லோருக்கும் இடியப்பமும் சம்பலும் கொண்டுவந்தார். பல வருடத்துச் சேறு, சருகு, போத்தல் எல்லாவற்றையும் தோண்டி, கிடைத்த ஒரே மேட்டில் குவித்தோம். அந்த மேடு அக்காவின் அடுப்படிக்கு நேர் மேலே.

"இது இங்கேயே கெடக்குமா தம்பி?"

"இப்ப குப்பை லொறி வரும் அக்கா."

நாடே லீவில் இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் பிடித்தோம். லொறிக்காரர்களும் அந்த நாட்டில்தான் இருக்கிறார்கள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

பின்னேரம் மழை கொட்டியது. அதுவரை கானு கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்க் கொடுத்ததை, நாங்கள் சேர்த்து வைத்து ஒரே தடவையில் அனுப்பினோம். மேடு சரிந்து அக்காவின் அடுப்படிப் பின்சுவர் விழுந்தது. நாங்கள் குடையோடு இறங்கிப் போனபோது அடுப்புகள் சேற்றுக்குள் இருந்தன. இடியப்பத் தட்டுகள் மிதந்தன. மாச் சாக்கு ஊறிப்போய் ஒரு மூலையில் சாய்ந்திருந்தது. ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் உள்ளே இறங்கினார். என் கையில் குடை இருந்தது.

"அக்கா, நாங்க நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

அவர் இடியப்பம் பிழியும் உரலைச் சேற்றுக்குள்ளிருந்து எடுத்து, முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஒரு பைதானே தம்பி கேட்டேன்."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதில் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு.

காலையில் நாங்கள் எடுத்த படங்கள் குழுவில் அப்போதும் வந்துகொண்டிருந்தன. இதயக் குறிகளும் வந்தன.

சுவரை எழுப்பித் தருவது பற்றிக் குழுவில் நிறையப் பேசினோம். பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா பன்விலவுக்கு, தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். அங்கே தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டு ஒற்றை அறையில், இரண்டு குடும்பத்துக்கு ஒரே அடுப்பாம். இடியப்பம் அவிக்க இடமில்லை என்று கேள்வி. இங்கே காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் சூன் பான் என்கிற பேக்கரி ஆட்டோவில் பாண் வாங்குகிறோம். எனக்குப் பாண் ஒத்துக்கொள்வதில்லை. அந்தத் தண்டனையாவது கிடைக்கட்டும்.

இப்போது நான் சருகைப் பையில்தான் அள்ளுகிறேன். முதல் நாளே மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"கீழ் வீடு பூட்டிக் கெடக்குது. யாருக்கு அள்ளுறீங்க?"

நான் பையின் வாயை முடிந்துகொண்டிருந்தேன். மேலே உச்சி வீட்டுக்காரர் தன் வாசலைக் கூட்டி, கானுக்குள் தள்ளிவிட்டு, என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

"நல்ல வேலை சேர்! வாற போயாவுக்கும் ஒரு சிரமதானம் வைப்பமா?"

"போயாவுக்கு லொறி வராது" என்றேன்.