ரேணுகாம்மா விட்டுச்சென்ற பதினான்கு முட்டைகள்

திங்கட்கிழமை காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சத்துணவுக்கூடம் மட்டும் பூட்டியே கிடந்தது. அந்த நேரத்தில் அங்கே அரிசி களையும் சத்தம் கேட்காத நாளே இல்லையே என்று நான் நினைப்பதற்குள், சமையலர் பூங்காவனம் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தார்.

“ரேணுகாக்கா பூட்டாங்க டீச்சர். காத்தால மார் வலிக்குதுன்னாங்களாம். ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சி போச்சாம்.”

எங்கள் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் ரேணுகாவுக்கு ஐம்பத்திரண்டு வயதுதான். பதினாறு ஆண்டுகள் ஒரே வளாகத்தில் வேலை பார்த்தோம். செய்தி கேட்டதும் என் மனத்தில் முதலில் என்ன எழுந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவரை அறிந்த நீங்கள் தவறாக நினைக்க மாட்டீர்கள். ‘ஐயோ, இன்றைக்குப் பத்தொன்பதாம் நாளாயிற்றே’ என்றுதான் நினைத்தேன். அவர் வீட்டு இன்குபேட்டரில் பதினான்கு நாட்டுக்கோழி முட்டைகள் இருந்தன. இருபத்தோராம் நாள் குஞ்சு வரவேண்டும். அவை என்ன ஆகும் என்ற கவலைக்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

அவர் கையால் சாப்பிட்ட உங்களில் பெரும்பாலானவர்களுக்கு ரேணுகாம்மா என்றால் சாம்பார் நினைவுக்கு வரும். அல்லது சத்தம் நினைவுக்கு வரும். தட்டைச் சரியாகக் கழுவாத பிள்ளையை அவர் அதட்டினால் திருப்புலிவனம் சாலையில் போகிற பஸ் நின்றுவிடும் என்று கேலி செய்வோம். அப்படிப்பட்டவர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு உத்திரமேரூர் மீன் கடையிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கேட்டு வாங்கிவந்தார். ஒரு குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரில் இருந்த சின்ன விசிறி, சிவப்பு எண்ணில் வெப்பம் காட்டும் ஒரு கருவி, ஒரு கிண்ணம் தண்ணீர். இவற்றை வைத்து, செல்போனில் யாரோ காட்டியதைப் பார்த்துத் தானே ஓர் இன்குபேட்டர் செய்துவிட்டார். மூன்று நாள் மீன் நாற்றம் போகவில்லை என்று அவருடைய கணவர் ஏகாம்பரம் வீட்டுக்கு வெளியே படுத்தார்.

நான் விலங்கியல் படித்தவள், அறிவியல் நடத்துகிறவள். சமையல்கூடத்து அம்மாள் செய்வதை நான் செய்ய மாட்டேனா என்ற வீம்பில் நானும் ஒரு பெட்டி செய்தேன். தெருமுனைக் கடையில் பத்து வெள்ளை முட்டை வாங்கி, பென்சிலால் எண் போட்டு, வேளைக்கு வேளை திருப்பி வைத்தேன். ஏழாம் நாள் பெருமையாக அவரை அழைத்துக் காட்டினேன். டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தவர், பத்தாவது முட்டையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இன்னா டீச்சர் நீங்க! சேவல் மூஞ்சியே பாக்காத பண்ணைக் கோயி போட்ட முட்ட இது. இதுல எங்கேர்ந்து குஞ்சு வரும்?”

பாடம் நடத்தும்போது கரும்பலகையில் நானே வரைந்து காட்டுகிற விஷயம்தான். கையில் முட்டையைப் பார்த்ததும் மறந்துவிட்டது. அவர் இந்தக் கதையைப் பள்ளியில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அதை விடப் பெரிய பெருந்தன்மையை நான் எந்த ஆசிரியர் அறையிலும் கண்டதில்லை.

அடுத்த முறை அவருடைய பெட்டியில் ஏழாம் நாள் முட்டையை எனக்குக் காட்டினார். கதவைச் சாத்தி, டார்ச்சின் வாயில் முட்டையை வைத்தார். செந்நிறத்தில் மெல்லிய நரம்புகள் கிளை கிளையாகப் பரவியிருந்தன. நடுவே ஒரு புள்ளி. அது துடித்தது. பத்து மதிப்பெண்ணுக்கு அதன் பாகங்களைக் குறிக்கச் சொல்லி நான் வினாத்தாள் தயாரித்திருக்கிறேன். அது உயிரோடு துடிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தத்துக்குப் பேர்போன ரேணுகாம்மா காதோரம்தான் பேசினார். “எத்தினி வாட்டி பாத்தாலும் ஒடம்பு சிலுத்துக்குது டீச்சர். யார் சொல்லிக் குடுத்தாங்க அதுக்கு, இப்டி அடிச்சிக்கோன்னு?”

மாதம் ஒருமுறை பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் நிறுத்துவார்கள் அல்லவா? ஒருமுறை அது சரியாக இருபதாம் நாளில் வந்து வாய்த்தது. ஏகாம்பரத்தின் வண்டியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பள்ளிக்கே வந்துவிட்டார். சத்துணவுக்கூடத்தின் மூலையில் அதை வைத்து, வடித்த கஞ்சியைச் சுடச்சுட பாட்டில்களில் ஊற்றி, துணி சுற்றி முட்டைகளைச் சுற்றி அடுக்கினார். “சோறாக்குற எடத்துல இது இன்னாக்கா?” என்று பூங்காவனம் முறைத்தார். “முட்ட வேகலாம், முட்டலேர்ந்து குஞ்சு வரக்கூடாதா?” என்று இவர் மடக்கினார்.

வெப்பமானி இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்கப் போனேன். ஒரு முட்டையை எடுத்து, கண்ணை மூடி, இமைமேல் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நொடிதான். “கொஞ்சம் கொறையுது” என்று சொல்லி ஒரு பாட்டிலை மாற்றினார். சந்தேகப்பட்டு என் மகனுக்குக் காய்ச்சல் பார்க்கிற கருவியைக் கொண்டுவந்து உள்ளே வைத்தேன். இருக்கவேண்டிய அளவு, அப்படியே இருந்தது. “மிசினு கரண்டு போனா நின்னுடும் டீச்சர். கண்ணு எங்க போவும்?” என்றார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு குரல் வந்தது. தட்டோடு வரிசையில் நின்ற நூற்றுச் சொச்சம் பிள்ளைகளும் அந்த மூலையை நோக்கிக் கழுத்தை நீட்டினார்கள். அன்று தட்டுக் கழுவிய சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

பெட்டியில் பிறந்த குஞ்சுக்குக் கொத்திக் காட்டத் தாய் கிடையாது. ரேணுகாம்மா தரையில் செய்தித்தாளை விரித்து, நொய்யைத் தூவி, ஆள்காட்டி விரலால் டொக் டொக்கென்று தட்டுவார். குஞ்சுகள் விரலைப் பார்த்துத் தாமும் கொத்தும். அரைமணி நேரம் மண்டியிட்டு அப்படித் தட்டிக்கொண்டிருப்பார். அந்தக் குஞ்சுகள் வளர்ந்த பிறகும் அவர் கால் பின்னாலேயே கொல்லை முழுக்க நடந்தன. “பொட்டில பொறந்ததெல்லாம் ஒரு கோயியா?” என்று ஏகாம்பரம் கிண்டல் செய்வார். அவர் ஒருபோதும் அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். நான் போனபோது பதினோரு மணி. கூடத்தில் ரேணுகாம்மாவைக் குளிர்பதனப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். அழ வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்தேன். அந்தக் கூடத்தில் இருப்பது ஒரே பிளக். அதில் ஐஸ் பெட்டியின் வயர் இருந்தது. மூலையில் இன்குபேட்டரின் வயர் பிடுங்கிப் போட்டபடி கிடந்தது. சிவப்பு எண் அணைந்திருந்தது. ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர் காலை எட்டு மணிக்கே பிடுங்கியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. சாவு வீட்டில் மூலையில் கிடக்கிற தெர்மாகோல் பெட்டிக்குள் உயிர் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

மூன்று மணி நேரம். ஒரு முட்டையை எடுத்து, ரேணுகாம்மா செய்ததுபோல மூடிய இமைமேல் வைத்துப் பார்த்தேன். அழுத கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வாசலில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரத்திடம் போய், இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அவளே பூட்டா டீச்சரம்மா. அது இருந்தா இன்னா, போனா இன்னா. எடுத்துக்கினு போங்க.” சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. நான் ஒன்றும் சொல்லாமல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ரேணுகாம்மா கூடவே சுடுகாட்டு வழி தொடங்கும் இடம்வரை நடக்கவேண்டிய நேரத்தில் நான் முட்டையோடு ஓடினேன். அந்தக் குற்றவுணர்வு இன்னும் இருக்கிறது.

என் மாமியார் வாசலிலேயே மறித்தார். “எழவு வூட்லேர்ந்து ஒரு துரும்பு எடுத்தாரக் கூடாது. நீ பொட்டியே தூக்கினு வர்றியா?” கொல்லைப்புறமாகப் போய்ப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இருபத்தோராம் நாள் வந்தது. ஒன்றும் இல்லை. முட்டைகள் கூழாங்கல்போலக் கிடந்தன. அன்றுதான் மூன்றாம் நாள் பால் தெளித்தார்கள். போய்விட்டு வந்து காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. இருபத்திரண்டாம் நாளும் காலை பத்து மணிவரை அப்படியே. அந்தப் பதினான்கும் போய்விட்டால் ரேணுகாம்மா இரண்டாம் முறை போகிறார் என்று எனக்குத் தோன்றியது. விடுப்பு எடுத்துக்கொண்டு பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது வேலிப்படலுக்கு வெளியே ஏகாம்பரம் நின்றிருந்தார். காரியம் முடியும்வரை பிறர் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பதால் அங்கேயே நின்றார். “சும்மா இந்தப் பக்கமா வந்தேன்” என்றார். அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. நான் எழுவதற்குள் என் மாமியார் வெளியே போனார். “இன்னாத்துக்கு வெய்யில்ல நிக்கிற? உள்ள வாப்பா” என்றார். நான் காதால் கேட்டதை நம்பவில்லை.

ஏகாம்பரம் வந்து பெட்டி மூடியில் பதித்திருந்த கண்ணாடி வழியே நெடுநேரம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கடசி மூணு நாளு இதுங்ககூட பேசிகினே இருப்பா. வேல செய்ய சொல்லோ, பூ கட்ட சொல்லோ, கோயியக் கூப்புடறாப்ல கூப்புட்டுகினே இருப்பா. நான் பைத்தியம்னு திட்டுவேன். இப்ப வூடு கம்முனு கீது டீச்சரம்மா. தாங்க முடியல.”

சொல்லிவிட்டு, மூடியைக் கொஞ்சம் விலக்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உடைந்த குரலில் கூப்பிட்டார். “பா... பா... பா...”

பெட்டிக்குள்ளிருந்து ஒரு கீச்சு வந்தது. மெல்லியது. அவர் மறுபடி கூப்பிட்டார். இம்முறை இரண்டு குரல்கள். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் குரல்கள் ஏகாம்பரம் கூப்பிட்டதற்குப் பதிலாக வந்தவையா, எப்படியும் வரவேண்டிய நேரத்தில் வந்தவையா என்று கேட்காதீர்கள். அறிவியல் ஆசிரியை என்ற முறையில் எனக்கு ஒரு பதில் தெரியும். அங்கே இருந்தவள் என்ற முறையில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாலைக்குள் ஒன்பது குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. ஐந்து வரவில்லை. காரியம் முடிந்த மறுநாள் ஏகாம்பரம் ஒன்பதையும் கூடையில் வைத்துக்கொண்டு போனார்.

போன வாரம் எட்டாம் வகுப்பில் பாடம் நடத்தினேன். ‘உயிர்’ என்ற சொல் வருகிற இடத்தில் என் குரல் தானாகவே தாழ்ந்துவிட்டது. முன்பெல்லாம் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். “கேக்கல டீச்சர், சத்தமா சொல்லுங்க” என்றார்கள் கடைசி வரிசைப் பிள்ளைகள். ரேணுகாம்மா, உங்களிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இதுதான். சத்தமாகச் சொல்ல முயன்றேன். வரவில்லை.